நாலு பாஸ் போதுமா, எட்டு வேணுமா?

மல்லசமுத்திரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் பிளெக்ஸ் கடை, டி.டி.பி. சென்டர், போட்டோ ஸ்டுடியோ நடத்தும் அனைவருக்கும்,



மாலை ஆறரை மணிக்குக் கடைக்குள் ஒருவர் நுழைகிறார். விடிந்தால் காதுகுத்து. "பத்துக்கு எட்டு ஒண்ணு, மண்டபத்து வாசலுக்கு ஆறுக்கு நாலு ஒண்ணுங்க. காலையில அஞ்சு மணிக்கெல்லாம் கட்டோணும்" என்கிறார். குழந்தையின் படம் வாட்ஸ்அப்பில் நாலு கை மாறி வந்தது. முன்பெல்லாம் டிசைனர் அதை போட்டோஷாப்பில் வெட்டி, பழைய டெம்ப்ளேட்டில் ஒட்டி, தோரணமும் குத்துவிளக்கும் சேர்த்து ஒன்பது மணிக்குள் மெஷினுக்கு அனுப்பிவிடுவார். இப்போது வாடிக்கையாளரே போனைத் திறந்து ஒரு மாதிரியைக் காட்டுகிறார். "இதாட்டம் ஏஐயில போட்டுக் குடுங்க. குழந்தை மயில் மேல உக்காந்திருக்கோணும். நல்லா ஹை குவாலிட்டியா."

அந்தக் கடைசிச் சொல்லைப் பற்றித்தான் இந்த மடல்.

பிளெக்ஸ் மெஷின் ஓட்டுபவருக்கு இந்த விஷயத்தைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரே இடத்தின் மீது ஹெட் எத்தனை முறை போய்வந்து மை தெளிக்கிறது என்பதுதான் பாஸ். நாலு பாஸில் துணி வேகமாக இறங்கும். எட்டு பாஸில் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும், நிறம் வழவழப்பாக விழும். காளிப்பட்டி தைப்பூசத்துக்கு ரோட்டோரம் கட்டும் பேனருக்கு எட்டு பாஸ் வைத்தால் முதலாளி திட்டுவார். நகைக்கடைக்குள் கண்ணுக்கு நேரே ஒட்டும் வினைலுக்கு நாலு பாஸ் வைத்தால் நகைக்கடைக்காரர் திட்டுவார். எதற்கு எது என்று ஆபரேட்டருக்குக் கைப்பழக்கத்திலேயே தெரியும். ஆச்சரியம் என்னவென்றால், அதே கடையில் பக்கத்து நாற்காலியில் ஏஐ படம் போட உட்கார்ந்தவர் மட்டும், கண்ணில் படும் எல்லா அமைப்பையும் உச்சத்தில் தள்ளிவிட்டு, சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டத்தைப் பார்த்தபடி டீ குடிக்கிறார்.

ஏஐ மென்பொருள் படம் வரையும் விதத்தைக் கொஞ்சம் பார்த்தால் இந்தக் காத்திருப்பில் பாதி வீண் என்பது புரியும். 2022 ஆகஸ்டில் வெளியான ஸ்டேபிள் டிஃப்யூஷன் போன்றவை வெறும் புள்ளி இரைச்சலில் இருந்து தொடங்குகின்றன. சேனல் வராத பழைய டிவியில் தெரியுமே, அந்த மாதிரி. அந்த இரைச்சலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைக்கத் துடைக்கப் படம் வெளியே வருகிறது. ஒரு முறை துடைப்பது ஒரு ஸ்டெப். மயில் எங்கே, குழந்தை எங்கே, வெளிச்சம் எந்தப் பக்கம் என்பதெல்லாம் முதல் சில ஸ்டெப்களிலேயே முடிவாகிவிடும். பிறகு வருபவை இறகின் கோடு, பட்டுத்துணியின் மினுமினுப்பு, கண்ணின் ஒளி.

விசைத்தறி வைத்திருப்பவர் வீட்டில் பிறந்த டிசைனர்கள் இந்த ஊரில் நிறைய. அவர்களுக்கு பிக் கணக்கு தெரியும். இஞ்சுக்கு எத்தனை ஊடை விழுகிறதோ அந்த அளவுக்குத் துணி நெருக்கமாகும், தறி ஓடும் நேரமும் கூடும். ஒரு கட்டத்துக்கு மேல் பிக்கைக் கூட்டினால் துணி விறைக்குமே தவிர அழகாகாது. ஸ்டெப்பும் அப்படித்தான். இரைச்சலைத் துடைக்கப் பல முறைகள் உண்டு. டிபிஎம்++ 2எம் என்ற முறையில் 20 முதல் 30 ஸ்டெப்புக்குள் படம் நிலைத்துவிடும். 60 வைத்தால் நேரம் இரண்டு பங்கு ஆகும், வித்தியாசத்தைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டியிருக்கும். 'யூலர் ஏ' என்ற முறை இன்னும் வேடிக்கையானது. அதில் ஒவ்வொரு ஸ்டெப்பிலும் புது இரைச்சல் சேர்வதால், எண்ணைக் கூட்டக் கூட்டப் படம் மேம்படாமல் வேறு படமாக மாறிக்கொண்டே போகும். 25-ல் சிரித்த குழந்தை 50-ல் வேறு குழந்தையாகவே ஆகியிருக்கலாம்.

குறைந்த ஸ்டெப்பில் வரையவே தனியாகப் பழக்கிய மாடல்களும் உண்டு. 2023 நவம்பரில் வந்த எஸ்டிஎக்ஸ்எல் டர்போ ஒன்று முதல் நாலு ஸ்டெப்புக்குள் முடித்துவிடும். 2024 ஆகஸ்டில் ஜெர்மனியின் பிளாக் ஃபாரஸ்ட் லேப்ஸ் நிறுவனம் வெளியிட்ட மாடலின் பெயரே நம் கடைக்காரர்களுக்குச் சிரிப்பு மூட்டும்: 'ஃப்ளக்ஸ்'. அதில் ஒரு வகைக்கு 'ஷ்னெல்' என்று பெயர். ஜெர்மன் மொழியில் 'வேகமாக' என்று பொருள். அதுவும் நாலு ஸ்டெப்பில் படத்தைக் கையில் கொடுத்துவிடும். இம்மாதிரி மாடலில் 40 ஸ்டெப் வைப்பது, மொபட்டுக்கு லாரி டயர் மாட்டுவது போலத்தான்.

இப்போது குழப்பத்தின் வேருக்கு வரலாம். வாடிக்கையாளர் 'ஹை குவாலிட்டி' என்று சொல்லும்போது அவர் மனதில் இருப்பது பெரிதாக அடித்தாலும் உடையாத படம். மென்பொருளில் 'ஹை குவாலிட்டி' என்றால் வேறு. ஓபன்ஏஐ நிறுவனம் 2025 ஏப்ரலில் மற்ற நிறுவனங்களின் பயன்பாட்டுக்குத் திறந்துவிட்ட ஜிபிடி-இமேஜ்-1 மாடலை எடுத்துக்கொள்ளலாம். அதில் லோ, மீடியம், ஹை என்று மூன்று படிகள். 1024-க்கு 1024 அளவுள்ள சதுரப் படத்துக்கு லோவில் 272 டோக்கன் (காசு கணக்கிடும் அலகு), மீடியத்தில் 1,056, ஹையில் 4,160. அன்றைய விலையில் ஒரு படம் லோவில் ஏறக்குறைய 1 ரூபாய், ஹையில் 14 ரூபாய். விலையில் இத்தனை தூரம் இருந்தும், மூன்று படியிலும் கைக்கு வருவது அதே 1024-க்கு 1024 படம்தான். ஒரு புள்ளிகூட அதிகம் கிடையாது. கூடுதல் காசும் நேரமும் நுணுக்கத்துக்குப் போகின்றன, அளவுக்குப் போவதில்லை. மிட்ஜர்னியும் தன் வழிகாட்டிக் குறிப்பில் இதையே சொல்கிறது: குவாலிட்டி எண்ணைக் கூட்டினால் படத்தின் அளவு மாறாது. சாட்ஜிபிடியைப் போனில் வைத்திருப்பவருக்கு இந்த லோ, ஹை பட்டன்கள் கண்ணில் படுவதில்லை. அதே மாடலை வைத்து இயங்கும் வேறு தளங்களில் காசு கட்டிப் படம் எடுக்கும் கடைகளுக்குத்தான் இந்தக் கணக்கு நேரடியாகப் பொருந்தும்.

அப்படியானால் 1024 புள்ளி போதுமா? பேனரை எங்கே கட்டுகிறார்கள் என்று கேட்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

பத்தடி என்பது 120 இஞ்ச். 1024 புள்ளியை அதில் விரித்தால் இஞ்சுக்கு எட்டரைப் புள்ளி வரும். ஒவ்வொரு புள்ளியும் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர், ஒரு எள்ளளவு. கேட்கவே பயமாக இருக்கும். ஆனால் நல்ல பார்வை உள்ள கண்ணால்கூட முப்பது அடி தூரத்திலிருந்து 2.7 மில்லிமீட்டருக்குக் கீழே உள்ளதைப் பிரித்துப் பார்க்க இயலாது. எதிர்ச்சாரியில் திருச்செங்கோடு பஸ்ஸுக்கு நிற்பவரின் கண்ணுக்கு அந்த எள் கிட்டத்தட்டக் கரைந்துவிடுகிறது. மண்டபத்து வாசலில் கட்டும் ஆறுக்கு நாலோ வேறு கதை. அதன் பக்கத்தில் நின்றுதான் எல்லோரும் செல்ஃபி எடுப்பார்கள். ஆறடிக்கு 1024 என்றால் இஞ்சுக்கு 14 புள்ளிதான். நாலடி தூரத்தில் நிற்பவருக்கு மங்கல் அப்பட்டமாகத் தெரியும். ஆக, பெரிய பேனருக்குச் சின்னப் படம் தாங்கும், சின்ன பேனருக்குத்தான் பெரிய படம் தேவை. காதில் விழும்போது தலைகீழாக இருந்தாலும் கட்டும் இடத்தில் இதுதான் நிஜம்.

பிளெக்ஸ் வருவதற்கு முன்பு சினிமா பேனர் வரைந்தவர்கள் இந்தக் கணக்கைத் தொழிலாகவே வைத்திருந்தார்கள். சின்னப் போட்டோவில் கட்டம் போட்டு, அதைப் பெரிய கட்டமாகத் துணியில் ஏற்றி, பட்டை பிரஷ்ஷில் தீட்டுவார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் கதாநாயகனின் கன்னத்தில் பச்சையும் நீலமும் அப்பியிருக்கும். சாலைக்கு அந்தப் பக்கம் போனால் ஆள் உயிரோடு நிற்பார். மூக்கு நுனியில் ஒற்றை மயிர்ப் பிரஷ்ஷை வைத்து யாரும் மெனக்கெட்டதில்லை. நேரம் இல்லை என்பது ஒரு காரணம், அதைப் பார்க்கப்போகிறவர் யாரும் இல்லை என்பது இன்னொன்று.

விசிட்டிங் கார்டு கேட்டு வருபவருக்கோ கணக்கு மறுபடி மாறும். மூன்றரை இஞ்ச் கார்டை 300 டிபிஐயில் அடிக்க 1,050 புள்ளி வேண்டும். ஏஐ தரும் படம் ஏறக்குறைய அப்படியே பொருந்திவிடும். ஏழு இஞ்ச் கல்யாணப் பத்திரிகைக்கு 2,100 புள்ளி. அங்கே 1024 பாதிதான். 2025 நவம்பரில் கூகுள் வெளியிட்ட நேனோ பனானா ப்ரோ 2கே, 4கே வரை தருகிறது. அந்த 4கே தேவைப்படும் இடம் பத்திரிகையும் மண்டபத்து வாசலும்தான். நால்ரோட்டு பேனருக்கு அதை எடுப்பவர் காசையும் நேரத்தையும் காற்றில் விடுகிறார்.

அளவைக் கூட்டும் வேலையை மாடலிடமே விட்டால் இன்னொரு வம்பும் வரும். ஸ்டேபிள் டிஃப்யூஷனின் முதல் வகைகள் 512-க்கு 512 படங்களில் பழகியவை. அவற்றிடம் உயரமான ஒரு படத்தை நேரடியாகக் கேட்டால், கீழே மிச்சமுள்ள இடத்தை எதை வைத்து நிரப்புவது என்று தெரியாமல் இன்னொரு தலையை முளைக்கவைத்துவிடும். காதுகுத்து பேனரில் குழந்தைக்கு இரண்டு தலை இருந்தால் தாய்மாமன் என்ன சொல்வார் என்பதை எழுதத் தேவையில்லை. பழகிய அளவிலேயே எடுத்து, பிறகு ரியல்-இஎஸ்ஆர்கேன் போன்ற பெரிதாக்கும் கருவியில் நாலு மடங்கு ஏற்றுவதுதான் தெரிந்தவர்கள் செய்வது. 1024 அதில் 4,096 ஆகும். மயிலிறகு, பூமாலை, கோபுரம், மேகம் எல்லாம் அழகாகவே வரும். முகத்தை மட்டும் அதனிடம் நம்பிக் கொடுக்கக் கூடாது. இல்லாத தோல் துளைகளையும் இமைகளையும் அது கற்பனையாகச் சேர்க்கும். அறுபது வயது அப்பச்சி மெழுகுபொம்மை ஆகிவிடுவார்.

எதற்கு எவ்வளவு செலவழிப்பது என்ற கணக்குக்கு இந்தப் பக்கத்தில் ஒரு வரலாறே உண்டு. திருச்செங்கோட்டில் பிறந்து, இங்கிலாந்தின் லீட்ஸில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்த டி.ஆர்.சுந்தரம், 1930களில் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அங்கிருந்து வந்தன. 1938-ல் மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' அங்கேதான் உருவானது. 1950-ல் வந்த 'மந்திரி குமாரி' கறுப்பு வெள்ளை. 1956 பொங்கலுக்கு வந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' கேவாகலரில் எடுத்த, தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம். கலர் ஃபிலிம் விலை கூடுதல், ஒளி அமைக்க எடுக்கும் நேரமும் கூடுதல். கலருக்கு என்று அவர் தேர்ந்தெடுத்தது புதையல் குகையும் அரபுநாட்டு உடையும் நிறைந்த ஒரு கதை. நெசவு படித்தவருக்கு, எந்தத் துணிக்கு எந்த நூல் என்ற கணக்கு விட்டுப்போகாது போலிருக்கிறது.

கடைக்கு இதில் எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. எல்லாப் படத்தையும் கலரில் எடுக்க வேண்டாம். மிட்ஜர்னி 2025-ல் ஏழாம் பதிப்போடு டிராஃப்ட் என்ற முறையைக் கொண்டுவந்தது. பாதிச் செலவில் பத்து மடங்கு வேகம் என்பது அதன் கணக்கு. அதற்கு எதிர்முனையில் டர்போ இருக்கிறது. நாலு மடங்கு வரை வேகம், ஆனால் இரட்டைச் செலவு. சந்தாவில் கிடைக்கும் நிமிடங்களைச் செலவழிக்க விரும்பாதவருக்கு ரிலாக்ஸ் உண்டு. வரிசையில் நின்று நம் முறை வரும்போது படம் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். வாடிக்கையாளர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது டிராஃப்ட்டில் எட்டுப் படம் போட்டுக் காட்டலாம். மயில் வேண்டுமா, யானை வேண்டுமா, பின்னால் கோபுரமா, தோட்டமா என்று அவர் அங்கேயே முடிவு செய்துவிடுவார். அவர் "இது நல்லாருக்குங்க" என்று விரல் வைத்த அந்த ஒன்றை மட்டும் ஹையில் எடுத்தால் போதும். பலர் இதை மாற்றிச் செய்கிறார்கள். முதல் படத்தையே ஹையில் வைத்து இரண்டு நிமிடம் காத்திருக்கிறார்கள். அவர் "மயிலு வேண்டாங்க, முயலு போடுங்க" என்றதும் மறுபடி இரண்டு நிமிடம். ஐந்தாவது மாற்றத்தில் இருவருக்கும் முகம் சிவந்திருக்கும்.

ஒரு நுட்பத்தை மட்டும் மறக்கக் கூடாது. சொந்தக் கணினியில் ஸ்டேபிள் டிஃப்யூஷன் ஓட்டுபவர்கள் மாதிரிப் படத்தின் சீட் எண்ணை, அதாவது தொடக்க இரைச்சலை முடிவு செய்யும் எண்ணை, குறித்துவைக்க வேண்டும். அளவையும் சீட்டையும் மாற்றாமல் ஸ்டெப்பை மட்டும் கூட்டினால் அதே படம் மெருகேறி வரும் (யூலர் ஏ தவிர). அளவை மாற்றினாலும் மாடலை மாற்றினாலும் வேறு படம்தான் வரும், வாடிக்கையாளர் "நான் சொன்னது இது இல்லையே" என்பார், அவர் சொல்வதும் சரிதான். சாட்ஜிபிடி, ஜெமினி வைத்திருப்பவர்களுக்குச் சீட் கிடையாது. தேர்ந்த மாதிரியையே திரும்ப ஏற்றி, இதை மாற்றாமல் மெருகேற்று என்று கேட்க வேண்டும்.

இலவசம் வந்த பிறகு இந்தக் கணக்கெல்லாம் யாருக்கு வேண்டும் என்று சிலர் கேட்கலாம். 2025 அக்டோபர் கடைசியில் ஜியோ வாடிக்கையாளர்களுக்கு ஜெமினி ப்ரோ 18 மாதம் இலவசம் என்றார்கள். நவம்பர் 4 முதல் சாட்ஜிபிடி கோ இந்தியாவில் ஓராண்டு இலவசம் ஆனது. காசு போகவில்லைதான். ஆனால் இலவசத்துக்கு நாளொன்றுக்கு இத்தனை என்று ஒரு வரம்பு இருக்கும். 2025 மார்ச்சில் ஊரே கிப்லி பாணிப் படத்துக்குப் பாய்ந்தபோது, ஓபன்ஏஐ தலைவர் சாம் ஆல்ட்மனே தங்கள் ஜிபியுக்கள் உருகுகின்றன என்று சொல்லித் தற்காலிகமாக வரம்பு விதித்தார்.  முகூர்த்த நாளின் முந்தின இரவு, வரம்பில் மிச்சம் இருக்கும் மூன்று படத்தை முயலுக்கும் மயிலுக்கும் செலவழித்துவிட்டால் அப்புறம் பழைய டெம்ப்ளேட்தான்.

எந்த ஹையும் காப்பாற்றாத இடங்கள் சில இருக்கின்றன. அதில் முதலாவது தமிழ் எழுத்து. மாடல்கள் முன்பைவிடத் தேறியிருந்தாலும் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகப் போவது நிற்கவில்லை. நம் பேனரிலோ அழைப்பில் மகிழ்வோர் பட்டியலே அரைப் பக்கம். ஒரு பங்காளியின் இனிஷியல் மாறினால் பேனரை இறக்கச் சொல்வார்கள். எழுத்துக்கு இடம் விட்டுப் பின்னணியை மட்டும் ஏஐயில் எடுத்து, பெயர்களை வழக்கம்போல கோரலில் பாமினியிலோ வேறு எழுத்துருவிலோ அடிப்பதே நல்லது. கோரல் எழுத்து எவ்வளவு பெரிதாக்கினாலும் கூர் மழுங்காது. கண் முதலில் அங்கேதான் போகும் என்பதால் பின்னணியின் மங்கலும் பெரிதாகத் தெரியாது.

அடுத்தது சாமி படம். திருச்செங்கோட்டு மலையில் இருப்பவர் அர்த்தநாரீஸ்வரர். வலப்பாதி ஈசன், இடப்பாதி அம்மை. வைகாசி விசாகத் தேருக்கு அவரை ஏஐயில் கேட்டால் சில சமயம் இரண்டு பக்கமும் மீசை வரும், சில சமயம் இரண்டு பக்கமும் தோடு வரும், பக்கமே இடம் மாறியும் வரும். ஸ்டெப்பைக் கூட்டினால் அந்தத் தப்பு இன்னும் தெளிவாகத் தெரியும், அவ்வளவுதான். சாமியின் இடது என்பது பார்ப்பவரின் வலது என்பதை மெஷினுக்கு அனுப்பும் முன் ஒருவர் கையை வைத்துப் பார்க்க வேண்டும். டிசைன் நன்றாக அமையட்டும் என்று படத்தைக் கண்ணாடிபோலத் திருப்பிப் போடும் பழக்கம் உள்ளவர்கள் இங்கே இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

மூன்றாவது கண்ணீர் அஞ்சலி. எல்லா அவசரத்திலும் பெரிய அவசரம் இது. சாவு வீட்டிலிருந்து வந்தவர் ஆதார் அட்டையின் நகலையோ ரேஷன் கார்டையோ நீட்டுகிறார். ஏஐயில் போட்டால் பத்து விநாடியில் பளபளப்பான முகம் வந்துவிடும். கோட் சூட்டும் போட்டுவிடும். கொடுத்த படத்தில் உள்ள முகத்தைக் கூடியவரை மாற்றாமல் வைக்கும் அமைப்பு ஒன்றை ஓபன்ஏஐ 2025 ஜூலையில் சேர்த்தது உண்மைதான். என்றாலும் மங்கலான நகலில் இல்லாத முகத்தை எந்த அமைப்பும் கொண்டுவராது. அது தானாக ஒரு முகத்தை வரையும், அந்த முகத்தைப் பார்த்து வீட்டுப் பெண்கள் "இது ஆருங்க?" என்பார்கள். பின்னணியில் மேகமும் விளக்கும் ஏஐயில் லோவிலேயே போட்டுக்கொள்ளலாம். முகத்துக்கு, வீட்டில் பழைய பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஒன்று இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கலாம், பெரும்பாலும் இருக்கும். 35-க்கு 45 மில்லிமீட்டர் போட்டோவை 600 டிபிஐயில் ஸ்கேன் எடுத்தால் 827-க்கு 1,063 புள்ளி கிடைக்கும். ஏஐ தரும் படத்தின் அளவுக்கு ஏறக்குறைய அது வந்துவிடுகிறது. ஸ்கேனர் கண்ணாடியை ஒரு தரம் துடைத்துவிட்டு வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

இப்படிக்கு,
பஸ் வரும்வரை எதிர்ச்சாரி பேனர்களைப் படித்துக்கொண்டு நிற்கும் ஒருவர்